ஐ.எம்.எஃப்-இல் எங்கள் வாக்கு 0.14 வீதம்: இதைப் பிரித்துக் கொடுத்தது யார்?

கேள்வி: மட்டுநகர் ரீச்சர்

சர்வதேச நாணய நிதியத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் எத்தனை வாக்கு என்பதை யார், எப்போது, எந்த அடிப்படையில் தீர்மானித்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதினால் உதவியாக இருக்கும்.

நான் மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். நிதியம் எதற்காக உருவானது, என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குப் போவதுதான் வழக்கம். இந்த முறை பிள்ளைகள் அப்படிப் போக விடவில்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 வீதம். அந்த மாதங்களில் ஒரே விளக்கின் கீழ் வீட்டார் எல்லோரும் இருக்கப் படித்த பிள்ளைகள் இவர்கள். 2024 ஜனவரியில் வற் (பெறுமதி சேர்) வரி 18 வீதமானதைக் கடையில் சாமான் வாங்கும்போதே உணர்ந்தவர்கள். ஒருத்தியின் தகப்பன் தனியார் கம்பனியில் வேலை செய்கிறார். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதியிடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசின் கடன் பத்திரங்களை, குறைந்த வட்டியுள்ள நீண்டகால முறிகளாக மாற்றினார்களே, அதைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சு முழுவதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள்தான் கேட்டாள். "2023 மார்ச்சில் வாஷிங்டனில் இந்தக் கடனுக்கு அனுமதி கொடுத்த கூட்டத்தில் எங்களுக்கு வாக்கு இருந்ததா மிஸ்?" இருந்தது, மொத்த வாக்கில் 0.14 வீதம் என்றேன். அமெரிக்காவுக்கு எவ்வளவு என்றாள். 16.5 என்றேன். அதை யார் பிரித்துக் கொடுத்தது என்றாள். பெரிய பொருளாதாரத்துக்குப் பெரிய பங்கு என்று சொன்னேன். அந்த விடை எனக்கே போதவில்லை.

கடனை வாங்கியதும் நாங்கள்தான், அதை வீணாக்கியதும் எங்கள் ஆட்சியாளர்கள்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிதியத்துடன் இது எங்களுடைய 17ஆவது ஏற்பாடு. ஒரு நிறுவனத்தோடு இத்தனை தடவை கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிற நாட்டின் பிள்ளை, அதன் முடிவுகளில் தனக்கு என்ன பங்கு என்று கேட்டால் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பதில்: வெள்ளவத்தை வாசகர்

வணக்கம் ரீச்சர். வாக்கு வீதத்தை வைத்து அதிகம் கவலைப்படத் தேவையில்லை என்பது என் கருத்து. நிதியத்தின் பணிப்பாளர் சபை பெரும்பாலும் கையுயர்த்தி வாக்கெடுப்பதே இல்லை. பேசி, பொதுக்கருத்து எது என்று தலைவர் கணித்து முடிவை அறிவிப்பதுதான் நடைமுறை. அதோடு இலங்கை அங்கே தனியாக இல்லை. இந்தியா, பங்களாதேஷ், பூட்டான், இலங்கை நான்கும் ஒரே தொகுதி, நான்குக்கும் சேர்த்து சபையில் ஒரே பணிப்பாளர். நான்குக்கும் சேர்த்து 3.05 வீதம். எங்கள் மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க அந்தத் தொகுதியின் மாற்று நிறைவேற்றுப் பணிப்பாளராக வாஷிங்டனில் இருந்தவர். அந்த அனுபவமும் தொடர்புகளும்தான் 2022இல் கைகொடுத்தன. 0.14 என்ற எண் இல்லை.

பதில்: கோவை கூட்டுறவாளர்

டீச்சர், உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யாருக்கு எத்தனை ஓட்டு என்பதுதான் ஒரு கடன் நிறுவனத்தின் குணத்தையே தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம். அதனால் இந்த விஷயத்தைப் பல வருடமாக விடாமல் படித்து வருகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் யார் பிரித்தது என்பது. 1943இல் அமெரிக்கக் கருவூலத்தில் ரேமண்ட் மைக்ஸெல் என்ற இளம் பொருளியலாளர் வேலை பார்த்தார். அவருடைய மேலதிகாரி ஹாரி டெக்ஸ்டர் வைட் அவரை அழைத்து, நிதியத்தில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க ஒரு சூத்திரம் தயாரிக்கச் சொன்னார். ஓட்டும் அந்தப் பங்கைப் பொறுத்தது. விடையையும் அவரே சொல்லிவிட்டார். அமெரிக்காவுக்குச் சுமார் 290 கோடி டாலர் பங்கு வர வேண்டும், காலனிகளையும் சேர்த்து பிரிட்டனுக்கு அதில் பாதி, மூன்றாவது சோவியத் யூனியன், நான்காவது சீனா. போரில் கூட நின்ற நான்கு வல்லரசுகளின் வரிசை அது. தேசிய வருமானத்தில் 2 சதவீதம், தங்க, டாலர் கையிருப்பில் 5 சதவீதம், சராசரி இறக்குமதியில் 10 சதவீதம், ஏற்றுமதியின் ஏற்ற இறக்கத்தில் 10 சதவீதம் என்று எடைகளை மாற்றி மாற்றிப் போட்டு, சொன்ன வரிசை வரும்வரை மைக்ஸெல் கணக்குப் பார்த்தார். பிற்காலத்தில் அவரே இதை எழுதி வெளியிட்டார், ஆகவே இது வதந்தி இல்லை.

1944 ஜூலையில் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடியபோது அந்தச் சூத்திரத்தை யாருக்கும் காட்டவில்லை. தொகையை மட்டும் வைத்துப் பேரம் நடந்தது. இந்தியக் குழுவுக்கு ஜெரமி ரைஸ்மன் தலைவர். சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராஃப், எங்கள் ஊர் ஆர். கே. சண்முகம் செட்டியார் எல்லோரும் அதில் இருந்தார்கள். இந்தியாவின் பங்கு போதாது என்று வாதாடினார்கள். கடைசியில் கிடைத்தது 40 கோடி டாலர். சீனாவுக்கு 55 கோடி, பிரான்ஸுக்கு 45 கோடி. சோவியத் யூனியன் சேராமல் விலகியதால் இந்தியா ஐந்தாவது இடத்துக்கு வந்தது, சொந்தமாக ஒரு இயக்குநரை நியமிக்கும் உரிமையும் கிடைத்தது. அதாவது ஒரு நாடு வராமல் போனதில் இன்னொரு நாட்டுக்கு நாற்காலி கிடைத்தது. உங்கள் மாணவியிடம் இதைச் சொல்லுங்கள். இன்றைய சூத்திரம் வேறு. 2008இல் வந்தது. உள்நாட்டு உற்பத்திக்கு 50 சதவீதம், வெளிவர்த்தகத்துக்கு 30, வருவாயின் நிலையின்மைக்கு 15, கையிருப்புக்கு 5 என்று எடை. ஆனால் அந்தச் சூத்திரம் சொல்லும் பங்கைக்கூட அப்படியே யாருக்கும் கொடுப்பதில்லை. சீனா உலக உற்பத்தியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கிறது. ஓட்டு 6 சதவீதத்துச் சொச்சம்தான். பெல்ஜியத்துக்கு 1.3 சதவீதம், பங்களாதேஷுக்கு 0.24. பெல்ஜியத்தின் மக்கள் தொகை 1.2 கோடிக்குள், பங்களாதேஷில் 17 கோடிப் பேர்.

அடுத்து, வெள்ளவத்தை நண்பர் சொன்னது. ஓட்டெடுப்பு அபூர்வம் என்பது உண்மை. ஆனால் பொதுக்கருத்தைக் கணிக்கும்போது யார் கையில் எத்தனை சதவீதம் என்று எல்லோருக்கும் தெரியும். எடுத்தால் தோற்கும் என்று தெரிந்த ஓட்டெடுப்பை யார் கேட்பார்கள்? அப்புறம், ஒரு தொகுதியின் இயக்குநர் தன் கையில் உள்ள ஓட்டைப் பிரித்துப் போட முடியாது என்பது விதி. 2025 மே மாதம் பாகிஸ்தான் கடன் செயற்குழுவுக்கு (நண்பர் சொன்ன பணிப்பாளர் சபைக்கு) வந்தபோது இந்தியா ஓட்டளிக்காமல் ஒதுங்கியது. அந்த 3.05 முழுவதும் ஒதுங்கியது என்றுதான் அதற்குப் பொருள். அதில் கொழும்பு, டாக்கா, திம்புவின் பங்கும் இருக்கிறது. இந்தியக் குடிமகனாக எனக்கு இது உறுத்துகிறது. பணக்கார நாடுகளிடம் நாம் எதைக் குறை சொல்கிறோமோ, அதையே அண்டை நாட்டுக்கு நாமும் செய்கிறோம்.

ஆனால் ஓட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நிதியத்தில் கோட்டா, அதாவது மேலே சொன்ன பங்கு, என்ற ஒரே எண்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. எவ்வளவு பணம் கட்டுவது, எத்தனை ஓட்டு, எவ்வளவு கடன் கிடைக்கும், எஸ்.டி.ஆர் (நிதியம் உருவாக்கும் கையிருப்புச் சொத்து, அதன் கணக்கு அலகும் அதுதான்) பங்கிடும்போது எவ்வளவு வரும், நான்கும் அதைப் பொறுத்தவை. 2021 ஆகஸ்டில் கொரோனாவுக்காக 65,000 கோடி டாலர் மதிப்புள்ள எஸ்.டி.ஆர் பங்கிட்டார்கள். கோட்டாப்படி அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 11,300 கோடி போனது. அதற்கு அது தேவையே இல்லை. இலங்கைக்கு வந்தது சுமார் 79 கோடி. உலகத்தின் ஏழை நாடுகள் அத்தனைக்கும் சேர்த்து 2,100 கோடி. இப்படி அனுப்பிவிட்டு, பணக்கார நாடுகள் தங்கள் பங்கில் கொஞ்சம் ஏழைகளுக்குக் கடனாகக் கொடுங்கள் என்று பிறகு கெஞ்ச வேண்டியதாயிற்று.

கடன் விஷயத்திலும் அப்படித்தான். உங்கள் நாட்டுக்கு 2023இல் அனுமதித்த சுமார் 300 கோடி டாலர் இலங்கைக் கோட்டாவில் 395 சதவீதம். கோட்டா சிறியது என்பதால் தொகை சுமாராக இருந்தாலும் சதவீதம் பெரிதாகத் தெரியும். குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால் வட்டிக்கு மேல் கூடுதல் கட்டணம் உண்டு. 2024 அக்டோபர் இறுதிவரை அந்த வரம்பு 187.5 சதவீதம், இப்போது 300. நொடிந்துபோன நாடு அதிகம் கட்ட வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

இதோடு கிரீஸை ஒப்பிட்டுப் பாருங்கள். 2010 மே மாதம் கிரீஸுக்கு நிதியம் 3,000 கோடி யூரோ அனுமதித்தது. அது கிரீஸின் கோட்டாவில் 3,200 சதவீதத்துக்கும் மேல். அப்போது சாதாரணமாக இருந்த உச்ச வரம்பு 600 சதவீதம். அந்த வரம்புக்கு மேல் கொடுக்க வேண்டுமானால், கடன் சுமையை நாடு தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும். கிரீஸ் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. அதனால் அந்தக் கூட்டத்திலேயே விதியை மாற்றினார்கள், உலகம் முழுக்கப் பரவும் ஆபத்து இருந்தால் இந்த நிபந்தனை வேண்டாம் என்று. பிரேசில் போன்ற நாடுகளின் இயக்குநர்கள் ஆட்சேபித்தார்கள். இந்தப் பணம் கிரேக்க மக்களைவிட அந்நாட்டுக் கடன் பத்திரங்களை வைத்திருக்கும் ஐரோப்பிய வங்கிகளைத்தான் காப்பாற்றும் என்பது அவர்கள் வாதம். செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடம் ஐரோப்பியர் கையில். நிர்வாக இயக்குநரும் பிரெஞ்சுக்காரர். ஆட்சேபம் பதிவானது, கடன் போனது. பெரிய தவறுகள் நடந்தன என்று 2013இல் நிதியத்தின் சொந்த மதிப்பீடே ஒப்புக்கொண்டது. ஆட்சேபித்தவர்களிடம் போதுமான ஓட்டு இருந்திருந்தால் கடனைக் குறைக்கும் பேச்சு முதலிலேயே நடந்திருக்கும், கிரேக்கத் தொழிலாளியும் ஓய்வூதியக்காரரும் அத்தனை வருடம் வதைபட்டிருக்க மாட்டார்கள். ஓட்டு நியாயமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது ஏழை நாடுகளுக்காக மட்டும் இல்லை.

பதில்: சிங்கை வாசகன்

கூட்டுறவாளர் ஐயா எழுதியதை ஆர்வமாகப் படித்தேன். எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நான் கடன் இடர் மதிப்பீட்டுத் துறையில் வேலை செய்கிறேன்.

2019 டிசம்பரில் இலங்கை அரசு பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. 2021இல் ஒரே உத்தரவில் இரசாயன உரத்தைத் தடை செய்தது. இரண்டையும் வாஷிங்டன் செய்யவில்லை. இலங்கைக்கு 5 வீத வாக்கு இருந்திருந்தாலும் 2022 நெருக்கடி வந்திருக்கும்.

இரண்டாவது, கடன் வாங்கும் நாடுகளே பெரும்பான்மை ஆனால், தங்களுக்குத் தாங்களே நிபந்தனை போட்டுக்கொள்வார்களா? பணம் போடுகிற நாடு நம்பிக்கை இழந்தால் பணமே வராது. அமெரிக்க காங்கிரஸை நினைத்துப் பாருங்கள். 2010 டிசம்பரில் நிதியத்தின் ஆளுநர் சபை ஒப்புக்கொண்ட சின்னக் கோட்டாச் சீர்திருத்தத்துக்கே அங்கே அனுமதி கிடைக்க 2015 டிசம்பர் ஆனது. அதில் வளரும் நாடுகளுக்கு மாறிய பங்கு 6 வீதத்துச் சொச்சம்தான்.

ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்பதும் நியாயமில்லை. துவாலுவில் சுமார் 11 ஆயிரம் பேர், இந்தியாவில் 140 கோடி. மாற்று நிறுவனங்களும் பெரிதாக வேறுபடவில்லை. ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியில் சீனாவுக்கு 26 வீதத்துக்கு மேல் வாக்கு. முக்கிய முடிவுக்கு 75 வீதம் தேவை. நிதியத்தில் அமெரிக்காவுக்கு இருப்பதுபோல, தனியாகவே தடுக்கக்கூடிய வீட்டோதான் அதுவும். பிரிக்ஸ் நாடுகள் தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கியில் ஐந்து நிறுவனர்களுக்கும் சம வாக்கு, உண்மைதான். ஆனால் பிறகு சேருபவர்கள் எத்தனை பேர் ஆனாலும் அந்த ஐவரின் கையில் 55 வீதத்துக்குக் குறையக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பங்களாதேஷ் 2021இல் சேர்ந்தது. அங்கேயும் அது சின்ன நாடுதான்.

பதில்: கோவை கூட்டுறவாளர்

தம்பி, 2019, 2021 பற்றி நீங்கள் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. பிரிக்ஸ் வங்கி பற்றியும் சரி. ஆனால் மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நிதியத்தில் ஒரு நாடு கட்டும் கோட்டா நன்கொடை இல்லை. அதில் அந்நியச் செலாவணியாகக் கட்டும் பகுதி அந்த நாட்டின் கையிருப்பிலேயே சேரும். அதிலிருந்து கடன் போனால் வட்டியும் வரும். திரும்பி வராத கடன் மிகமிகக் குறைவு. பல்லாண்டு பாக்கி வைத்திருந்த ஜிம்பாப்வே 2016இலும், சோமாலியா 2020இலும், சூடான் 2021இலும் தீர்த்துவிட்டன. மற்ற எல்லாக் கடன்காரர்களுக்கும் முன்னால் நிதியத்துக்குத் திருப்பித் தருவதுதான் வழக்கம். ஆக, பணம் போடுபவரின் ஆபத்து நீங்கள் வேலை பார்க்கும் துறையில் உள்ள ஆபத்து மாதிரி இல்லை. நிதியத்தின் அன்றாடச் செலவில் பெரும்பகுதியைத் தாங்குவது கடன் வாங்கிய நாடுகள் கட்டும் வட்டியும் கட்டணமும்தான். அந்தக் கட்டணத்தை இலங்கையும் பாகிஸ்தானும் அர்ஜென்டினாவும் உக்ரைனும் கட்டுகின்றன.

கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு லட்ச ரூபாய் பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு ரூபாய் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. கடன் வாங்கிய உறுப்பினர்தான் பேரவையிலும் உட்காருவார். அதனால் எல்லாச் சங்கமும் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன், அரசியல் புகுந்து கெட்டுப்போனவற்றை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் வசூலுக்குப் போகும்போது உறுப்பினர் கேட்கும் கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடிந்தது. இந்த வட்டியைப் பேரவையில் நீங்களும் சேர்ந்துதான் முடிவு செய்தீர்கள் என்று சொல்ல முடிந்தது. மின்கட்டணத்தை ஏற்றச் சொல்லும் நிதியத்தால் மட்டக்களப்பில் அதைச் சொல்ல முடியாது.

ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு என்று நான் கேட்கவில்லை. இரண்டையும் கலக்க நிதியத்திலேயே வழி இருக்கிறது. அதன் சாசனத்தைத் திருத்த 85 சதவீத ஓட்டு மட்டும் போதாது, உறுப்பு நாடுகளில் ஐந்தில் மூன்று பங்கு நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இரட்டைப் பெரும்பான்மையை நிர்வாக இயக்குநர் தேர்வுக்கும் வைத்தால் என்ன? 1946இல் பெல்ஜியத்தின் கமீல் குட்டிலிருந்து இன்றுவரை அந்த நாற்காலியில் ஐரோப்பியரைத் தவிர யாரும் நிரந்தரமாக உட்காரவில்லை. 2011இல் மெக்ஸிகோவின் அகஸ்டின் கார்ஸ்டன்ஸ் போட்டியிட்டார். கிறிஸ்டீன் லகார்ட் வந்தார். உலக வங்கியில் தலைவர் எப்போதும் அமெரிக்கர். 2012இல் நைஜீரியாவின் நிதியமைச்சராக இருந்த இன்கோசி ஒகோஞ்சோ இவேலா போட்டியிட்டும் அது மாறவில்லை. பாதிக்கு மேற்பட்ட நாடுகளின் ஆதரவும் வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் வேட்பாளர் ஆப்பிரிக்கத் தலைநகரங்களுக்குப் போய் ஆதரவு கேட்டே ஆக வேண்டும். ஆப்பிரிக்காவுக்குக் கிடைத்திருக்கும் ஒரே ஆறுதல், 2024 நவம்பரில் செயற்குழுவில் 25ஆவது இடமாகச் சேர்த்த நாற்காலி. இடம் வந்தது, ஓட்டு கூடவில்லை. 2023 டிசம்பரில் கோட்டாவை 50 சதவீதம் உயர்த்த முடிவெடுத்தபோதும் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் உயர்த்தினார்கள், அதனால் யாருடைய பங்கும் மாறப்போவதில்லை.

மட்டுநகர் ரீச்சர்

ஐயா, மிக்க நன்றி. சிங்கப்பூர் சகோதரருக்கும் நன்றி, அந்தப் பக்கத்தையும் வகுப்பில் வைக்கத்தான் போகிறேன். பிள்ளைகள் பட்டிமன்றமாக நடத்தப் போகிறார்களாம். ஒன்று கேட்க வேண்டும். எங்கள் 0.14ஐ அவர்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா? பட்டியலைப் பார்த்து எழுதினால் மனதில் நிற்காது. சின்ன நாடுகளின் வாக்கைக் கூட்ட வேண்டுமென்றால் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பதில்: கோவை கூட்டுறவாளர்

தாராளமாகப் போடலாம் டீச்சர், கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு வகை ஓட்டு. ஒன்று அடிப்படை ஓட்டு, எல்லா நாட்டுக்கும் சமம். மற்றது கோட்டாவில் ஒரு லட்சம் எஸ்.டி.ஆருக்கு ஒரு ஓட்டு. இலங்கையின் கோட்டா 57.88 கோடி எஸ்.டி.ஆர். ஒரு லட்சத்தால் வகுத்தால் 5,788. அடிப்படை ஓட்டு நாட்டுக்கு ஏறத்தாழ 1,450. கூட்டினால் சுமார் 7,240. உலக மொத்தம் 50 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வகுத்தால் 0.14 வந்துவிடும். அமெரிக்காவின் கோட்டா சுமார் 8,299 கோடி எஸ்.டி.ஆர், அதே மாதிரி போட்டால் 8 லட்சத்து 31 ஆயிரம் ஓட்டு வரும். இந்தியாவுக்கு 1 லட்சத்து 32 ஆயிரத்துச் சொச்சம்.

இப்போது அடிப்படை ஓட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். நிதியம் தொடங்கியபோது நாட்டுக்கு 250. மொத்த ஓட்டில் அது 11.3 சதவீதம். 1958இல் 15.6 சதவீதம் வரை போனது. அதன் பிறகு கோட்டாக்கள் மட்டும் பெருகிக்கொண்டே போயின, 250 அப்படியே நின்றது. 2008 சீர்திருத்தத்துக்கு முன்னால் 2 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சீர்திருத்தத்தில் மூன்று மடங்காக்கி, 5.502 சதவீதம் என்று நிலையாக எழுதினார்கள். ஆசிய வளர்ச்சி வங்கியில் இதே சமபங்கு 20 சதவீதம். ஆக, நீங்கள் கேட்ட எண் இதுதான்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்றைய கோட்டாக்களை அப்படியே வைத்துக்கொண்டு அடிப்படை ஓட்டை 1945இல் இருந்த 11.3க்குக் கொண்டுபோனால் இலங்கைக்கு 0.17 சதவீதம் வருகிறது, அமெரிக்காவுக்கு 15.5. 1958இன் 15.6க்குக் கொண்டுபோனால் இலங்கைக்கு 0.18, அமெரிக்காவுக்கு 14.8. இலங்கையின் எண் இரண்டிலும் பெரிதாக மாறவில்லை. ஆனால் அமெரிக்காவைக் கவனியுங்கள். சாசனத்தையும் கோட்டாவையும் மாற்ற 85 சதவீதம் வேண்டும், அதனால் 15க்கு மேல் வைத்திருப்பவர் தனியாகவே தடுக்கலாம். முதல் கணக்கில் அந்த வீட்டோ பிழைக்கிறது, இரண்டாவதில் போய்விடுகிறது. அந்த மாற்றத்தைச் செய்யவும் 85 சதவீதம் வேண்டும்.

பிள்ளைகளிடம் கோட்டாப் பட்டியலை மட்டும் கொடுத்து, அடிப்படை ஓட்டு எத்தனை சதவீதம் ஆகும்போது அமெரிக்கா 15க்குக் கீழே இறங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 11.3க்கும் 15.6க்கும் நடுவில் இருக்கிறது. நாடுகளின் எண்ணிக்கையை 191 என்று வைத்துக்கொள்ளட்டும். பங்களாதேஷ், நைஜீரியா, பெல்ஜியம் மூன்றுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். விடைகளை இங்கே போட்டால் நான் சரிபார்த்துத் தருகிறேன்.